கீழச் சித்திரை வீதி, மாடி வீடு

நாம் சொல்வதை அப்படியே வாங்கி, சூடு ஆற்றித் திருப்பித் தருவது அவர் வழக்கம். நான் மூச்சு விடாமல் புலம்பி முடித்திருப்பேன். செல்லில் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் விசைப்பலகை சத்தம் மட்டும் கேட்கும். பிறகு, "நான் சொல்றேங்க, தப்பா இருந்தா நிறுத்துங்க" என்று தொடங்குவார். நான் கொட்டியதெல்லாம் மூன்று நான்கு சின்ன வாக்கியங்களாகித் திரும்பி வரும். ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு "சரிங்களா?" இருக்கும். நான் "சரி" என்று சொல்லாமல் அடுத்த வாக்கியத்துக்குப் போகமாட்டார். இவ்வளவு அழுததற்கு இவ்வளவுதான் விஷயமா என்று எனக்கே சில நாள் வெட்கமாக இருக்கும். சில நாள், என் கஷ்டத்தைப் பாதியாக்கிவிட்டாரே என்று கோபம் வரும்.

அவர் முகத்தை நான் பார்த்ததில்லை. விளையாட்டுச் சாமான்களை இணையத்தில் விற்கும் ஒரு கம்பெனியின் புகார்ப் பிரிவில், தமிழுக்கு நான்காம் எண்ணை அமுக்கினால் வந்த குரல் அவர். பெயரும் தெரியாது. முதல் நாள் ஒரு பெயர் சொன்னார். இரண்டாம் நாள் அதே குரல் வேறு பெயர் சொன்னது. எனக்கு என் மேலேயே சந்தேகம் வருவது வழக்கம் என்பதால், "நேத்து பேசினது நீங்கதானே, இல்ல நான் குழப்பிக்கறேனா?" என்று கேட்டேன்.

"நான்தாங்க. பேரு மேசைக்குங்க. இன்னைக்கு வேற மேசை."

அதன் பிறகு அவர் சொல்லும் பெயர்களை நான் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. பேச்சை வைத்துக் கோயம்புத்தூர்ப் பக்கம் என்று ஊகித்திருந்தேன். கேட்கவில்லை. அது தேவையில்லாத கேள்வி, அவர் நேரத்தை வீணாக்குகிறோம் என்று தோன்றும்.

நான் வாங்க நினைத்தது ஒரு நீச்சல் கண்ணாடி. இரண்டு கோடைக்கு முன்னால், என் மகனுக்கு ஏழு வயது. அவனுக்குக் கிட்டப்பார்வை. அதிலும் இரண்டு கண்ணுக்கும் பவர் வேறு வேறு. இடது கண் ரொம்ப மோசம். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டால் எதிரில் நிற்பது நானா என் நாத்தனாரா என்று குரல் கேட்டுத்தான் சொல்வான்.

நான் துறையூர்ப் பக்கத்துப் பெண். எங்கள் ஊரில் தண்ணீர் என்றால் குழாயில் வருவது. கல்யாணமாகி ஸ்ரீரங்கம் வந்த பிறகுதான் இரண்டு பக்கமும் ஆறு ஓடும் ஊரில் பிள்ளை வளர்ப்பது என்னவென்று தெரிந்தது. பாதி வருடம் வெறும் மணல். மேட்டூரில் திறந்துவிட்டார்கள் என்று செய்தி வந்தால் மகனை வாசல் தாண்ட விடமாட்டேன். ஆடி பதினெட்டுக்கு அம்மா மண்டபம் படித்துறையில் மொத்தக் குடும்பமும் இறங்கும். நாத்தனார் பிள்ளைகள் தலைகீழாகக் குதிப்பார்கள். என் மகனும் குதிக்கப் போவான். கண்ணாடி என் கையில் இருக்கும். படி எங்கே முடிகிறது என்று அவனுக்குத் தெரியாது. முந்தின வருடம் அவன் ஒரு படி கூடுதலாக இறங்கிவிட, பக்கத்தில் நின்ற யாரோ ஒரு பெண் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார். நான் மூன்று அடி தள்ளி நின்றிருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த ஆடிக்குள் இவனுக்கு நீச்சல் தெரிந்தாக வேண்டும் என்று மட்டும் முடிவு செய்தேன்.

திருச்சியில் தென்னூர் தாண்டி ஒரு நீச்சல் குளத்தில் கோடை வகுப்பில் சேர்த்தேன். அவன் ஓரத்துக் கம்பியை விடவே இல்லை. மாஸ்டர் என்னைக் கூப்பிட்டார்.

"பையனுக்குத் தண்ணி பயம் இல்லம்மா. அந்தப் பக்கச் சுவர் தெரியலை, அதான் பயம். எங்க போறோம்னு தெரியாம எவன் கைய விடுவான்? பவர் கண்ணாடி வாங்கிப் போடுங்க. இந்த பேட்ச் முடியறதுக்குள்ள தாண்ட வெச்சிடறேன்."

தென்னூரில் இரண்டு கடை ஏறி இறங்கினோம். ஒன்றில் பெரியவர்களுக்கு மட்டும் இருந்தது. மற்றதில், "ரெண்டு கண்ணுக்கும் ஒரே பவர்தான் வரும் மேடம், நடுவுல ஒண்ணு எடுத்துக்கோங்க" என்றார்கள். நடுவில் ஒன்று என்றால் இரண்டு கண்ணுக்கும் பொருந்தாதது என்று அர்த்தம். கண்ணுக்குக் கண் தனித்தனியாகப் பவர் போட்டுக் கொடுக்கும் கம்பெனி இணையத்தில்தான் கிடைத்தது.

பணம் கட்டும் இடத்தில் திரையில் ஒரு வளையம் சுற்றிக்கொண்டே இருந்தது. நான் காத்திருந்து, மறுபடியும் அமுக்கினேன். இரண்டு தடவை பணம் போய்விட்டது. அப்படித்தான் நான்காம் எண்ணை முதன்முதலாக அமுக்கினேன்.

"நான் சொல்றேங்க. நீங்க ஒரு தடவை அமுக்குனீங்க. சுத்தீட்டே இருந்துச்சு. திரும்ப அமுக்குனீங்க. சரிங்களா?"

"சரிங்க. ஆனா நான் உடனே அமுக்கலை. கொஞ்ச நேரம் பொறுத்துதான்..."

"கொஞ்ச நேரம் பொறுத்தீங்க. அதுக்கப்பறம் அமுக்குனீங்க. சரிங்களா?"

அவர் குற்றம் சொல்லவில்லை. எனக்குத்தான் குற்றப்பத்திரிகை வாசிப்பதுபோல் இருந்தது. பொறுத்திருக்கலாமோ, செல்லை அணைத்துப் போட்டிருக்கலாமோ என்று உள்ளே ஓடியது. "என் மேல தப்பாங்க?" என்று கேட்டேன்.

"தப்பு யாரு மேலன்னு இங்க கட்டம் இல்லீங்க. என்ன நடந்துச்சுன்னுதான் இருக்கு."

இரண்டில் ஒன்றை ரத்து செய்யச் சொன்னேன். "ரெண்டுல எது உங்க ஆர்டர்னு கேக்குதுங்க" என்றார். இரண்டும் என்னுடையதுதான், ஒன்றுதான் வேண்டும் என்றேன். "ரெண்டும் உங்களோடது. ஒண்ணு வேணும். ஒண்ணு வேண்டாம். சரிங்களா?" என்று அவர் சொல்லிப் பார்த்தபோது எனக்கே அது சரியாகப் புரியாததுபோல் இருந்தது. மறுநாள் காலையில் குறுஞ்செய்தி வந்தது. இரண்டையும் ரத்து செய்திருந்தார்கள்.

என் கணவர் சிரித்தார். "கேட்டதை விட அதிகமாவே செஞ்சிருக்காங்க. ஒரு கண்ணாடிக்கு ஏன் இந்தப் பாடு? அடுத்த லீவுக்கு மெட்ராஸ் போறப்ப வாங்கிக்கலாம் விடு." அடுத்த லீவு காலாண்டுக்குப் பிறகு. ஆடி அதற்கு முன்னால் வந்துவிடும். அதை நான் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் ஆடிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்பார். படித்துறைக் கதையைச் சொல்ல வேண்டி வரும்.

புகார் எண் ஒன்று கொடுத்திருந்ததால், அதன்பின் அவரே கூப்பிட ஆரம்பித்தார். பெரும்பாலும் மத்தியானம், நான் சோற்று வடிதட்டோடு நிற்கும் நேரம். வீட்டில் அவருக்கு "உன் சிநேகிதி" என்று பெயர் வந்துவிட்டது. குக்கர் சத்தம் கேட்டால், "அடுப்பைப் பாத்துட்டு வாங்க, லைன்லயே இருக்கேன்" என்பார். நான் ஓடிப்போய்ச் சிம்மில் வைத்துவிட்டு வருவேன். விட்ட இடத்தின் கடைசி வாக்கியத்திலிருந்து தொடங்குவார். ஒரு சொல் மாறியிருக்காது.

ஒருநாள் பேச்சின் நடுவில் அவர் குரல் இறங்கியது. "ஒரு நிமிசம் எதுவும் பேசாம இருங்க. பின்னாடி நிக்கறாங்க." உடனே செய்தி வாசிப்பவர் போல, "தங்கள் புகார் பதிவு செய்யப்பட்டுள்ளது. ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்றார். அதையே வேறு வேறு விதமாக மூன்று முறை சொன்னார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு பழைய குரல் வந்தது. "போயிட்டாங்க. என் கால் எல்லாம் நீளமாப் போகுதுன்னு பாக்கறாங்க. நீங்க சொல்லுங்க."

"நான் சுருக்கமா பேசறேங்க. என்னால உங்களுக்குப் பிரச்சினை வேண்டாம்."

"நீங்க சுருக்குனா நான் எதைத் திருப்பிச் சொல்றதுங்க?"

அன்றிலிருந்து அவர் கூப்பிடும்போதெல்லாம் எனக்கு இரண்டு கவலை. கண்ணாடி வருமா என்பது ஒன்று. இவர் வேலைக்கு ஏதாவது ஆகிவிடுமா என்பது இன்னொன்று. பேச வேண்டியதை முன்கூட்டியே மனதில் ஒத்திகை பார்த்துக்கொள்வேன். பேச ஆரம்பித்ததும் எல்லாம் கலைந்து, வழக்கம்போல் கொட்டிவிடுவேன்.

புதிய ஆர்டரை அவரே என் வாய்மொழியாகப் பதிவு செய்தார். பவர் சொன்னேன்.

"இடது கண்ணு அதிகம். வலது கம்மி. சரிங்களா? இடதுன்னா அவருக்கு இடதுங்களா, எதுத்தாப்புல நின்னு பாக்கறவங்களுக்கு இடதுங்களா?"

இப்படி ஒரு சந்தேகம் எனக்கு வந்திருக்கவே இல்லை. வராததே பயமாக இருந்தது. மகனைக் கூப்பிட்டு நிற்க வைத்து, டாக்டர் சீட்டைப் படித்து, அவன் கன்னத்தைத் தொட்டுக் காட்டிக்கொண்டே, "அவனுக்கு இடதுங்க" என்றேன். ஏழு வயதுப் பையனை ஒருவர் ‘அவர்’ என்று சொல்வதும் எனக்குப் பிடித்திருந்தது. இவ்வளவு கவனமான ஆளிடம் மாட்டியது நம் அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்து முகவரி கேட்டார்.

"கீழச் சித்திரை வீதி" என்றேன்.

"கீழங்களா? கீழ் வீடுங்களா?"

"இல்லைங்க, கீழ ஹவுஸ் ஓனர். நாங்க மேல."

"மேலங்களா." விசைப்பலகை சத்தம். "நான் சொல்றேங்க. மேல, சித்திரை வீதி, ஸ்ரீரங்கம். சரிங்களா?"

"சரிங்க."

ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு இதற்குள் புரிந்திருக்கும். கோயிலைச் சுற்றி நான்கு பக்கமும் சித்திரை வீதிதான். கிழக்கில் இருப்பது கீழச் சித்திரை வீதி, மேற்கில் இருப்பது மேலச் சித்திரை வீதி. நான் மாடியில் குடியிருக்கிறேன் என்று சொன்னேன். அவர் என்னைக் கோயிலுக்கு அந்தப் பக்கம் குடிவைத்துவிட்டார். திருப்பிச் சொல்லித்தான் கேட்டார். நானும் காது கொடுத்துக் கேட்டுத்தான் சரி என்றேன். அவர் சொன்னதில் பிழை இல்லை, எனக்குக் கேட்டதிலும் பிழை இல்லை.

வகுப்பு முடிய ஒரு வாரம் இருக்கும்போது, பொருள் ஒப்படைக்கப்பட்டது என்று செய்தி வந்தது. வாசலுக்கு ஓடினேன். ஒன்றும் இல்லை. கீழ்வீட்டில் கேட்டேன். இல்லை. காலையில் தெரியாத எண்ணிலிருந்து ஓர் அழைப்பு வந்திருந்தது. மகனைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்ததால் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்று அப்போதே தீர்மானமாகிவிட்டது எனக்கு.

நான்காம் எண்ணை அமுக்கினேன். அவர் வந்ததும் கத்திவிட்டேன். பணம் இரண்டு தடவை போனதிலிருந்து தொடங்கினேன். கேட்டது ஒன்று, ரத்து செய்தது இரண்டு என்றேன். இப்போது வராத பொருளை வந்ததாகச் சொல்கிறீர்கள் என்றேன். கடைசியில், "எல்லாத்தையும் திருப்பித் திருப்பிச் சொல்றீங்களே, அதுல என்னங்க பிரயோசனம்?" என்றேன்.

விசைப்பலகை சத்தம். "நான் சொல்றேங்க. பொருள் கைக்கு வரலை. வந்துருச்சுன்னு மெசேஜ் வந்திருக்கு. திருப்பிச் சொல்றதுல பிரயோசனம் இல்லை. சரிங்களா?"

இதற்கு மட்டும் நான் "சரி" சொல்லவில்லை. அவர் கொஞ்சம் தயங்கி, "இங்க ஒண்ணு கேக்குதுங்க. வாடிக்கையாளர் எப்படி இருக்காங்கன்னு. கோபமா இருக்கீங்கன்னு போடட்டுங்களா, வருத்தமா இருக்கீங்கன்னு போடட்டுங்களா?" என்றார்.

"பயம்னு இருக்குதாங்க?"

"இல்லீங்க. கோபம், வருத்தம், திருப்தி. மூணுதான்."

"அப்ப வருத்தம்னு போடுங்க."

போட்டார். அதற்குப் பிறகு எதையும் திருப்பிச் சொல்லவில்லை. "எதுக்குப் பயங்க?" என்று மட்டும் கேட்டார். வீட்டில் யாரிடமும் சொல்லாத படித்துறைக் கதையை அவரிடம் சொன்னேன். ஒரு படி கூடுதலாக இறங்கியது, யாரோ ஒரு பெண் சட்டையைப் பிடித்தது, நான் மூன்று அடி தள்ளி நின்றது. அதை அவர் மூன்று வாக்கியமாக்கிவிடுவாரோ என்று பயந்தேன். அவர் ஆக்கவில்லை.

"இருங்க, குடுத்த எடத்தைப் போட்டோ எடுத்திருப்பாங்க, பாக்கறேன்" என்றார். சற்றுக் கழித்து, "உங்க கதவு என்ன கலருங்க?" என்றார்.

"எங்க கதவு மாடில இருக்கு. கீழ இரும்பு கேட்டுதான்."

"இதுல கேட்டு இல்லீங்க. பச்சைக் கதவு. மேல நாமம் போட்டிருக்கு. நம்பர் உங்க நம்பர்தான்."

"நாமம் போட்ட கதவு இந்த ஊர்ல பாதி வீட்டுல இருக்கும்ங்க. அட்ரஸைப் படிங்க."

படித்தார். இந்த முறை ‘மேல’வுக்கும் ‘சித்திரை’க்கும் நடுவில் நிறுத்தவில்லை. எனக்கு விளங்கிவிட்டது. அவருக்கு விளக்கினேன். இங்கே கிழக்கு என்றால் கீழ, மேற்கு என்றால் மேல.

"அப்ப வடக்கு, தெற்குல குடியிருக்கறவங்க தப்பிச்சாங்க" என்றார், சிரிக்காமல். பிறகு, "நான் நிறுத்தி நிறுத்திப் படிச்சேங்க. அதனாலதான் உங்களுக்குத் தெரியலை" என்றார்.

"நான்தாங்க சரின்னேன்."

"கேட்டது நானுங்க."

போய்ப் பார்க்கிறேன் என்றேன். லைனிலேயே இருக்கிறேன் என்றார். பின்னால் யாரும் நிற்கவில்லையா என்று கேட்டதற்கு, "நிக்கட்டுங்க" என்றார். செல்லைக் காதில் வைத்துக்கொண்டு, உச்சி வெயிலில், தேர்முட்டியைத் தாண்டித் தெற்குச் சித்திரை வீதி வழியாக நடந்தேன். அவர் பக்கம் நிறைய பேர் ஒரே நேரத்தில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். என் பக்கம் பூக்காரர்களும் ஆட்டோவும்.

பச்சைக் கதவைத் திறந்தவர் அறுபது வயது மாமா. விஷயத்தைச் சொன்னேன்.

"டப்பாவா? வந்ததே. மாட்டுப்பொண் ஏதோ வரவழைச்சிருக்கான்னு பிரிச்சுட்டேம்மா. தப்பா நெனச்சுக்காதே. பார்த்தா கண்ணுக்குப் போட்டுக்கற சாதனம். ஸ்கூட்டர்ல போறச்சே தூசி விழறதுன்னு பிள்ளை வாங்கியிருப்பான்னு நெனச்சு, போட்டுண்டு வாசல்ல நின்னேன். கோபுரம் ரெண்டாத் தெரியறது. பெருமாளே, கண்ணு போயிடுத்தேன்னு கதறிட்டேன்." உள்ளேயிருந்து மாமியின் குரல், "சின்னக் குழந்தேளுதை மாட்டிண்டு நின்னா ஒண்ணு நாலாத் தெரியும்" என்றது.

செல்லில் அவர் மெதுவாகக் கேட்டார். "நான் சொல்றேங்க. பெரியவரு போட்டுப் பாத்தாரு. கோபுரம் ரெண்டாத் தெரிஞ்சுது. இதையும் எழுதணுங்களா?"

"எழுத வேண்டாம்ங்க."

டப்பாவைக் கையில் வாங்கியதும் அங்கேயே திறந்து, இடது பக்கத்தில் அதிகப் பவர் எண் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. அவனுக்கு இடதுதானா என்று திருப்பிப் பிடித்து மறுபடி பார்த்தேன். புகாரை முடிக்கட்டுமா என்று கேட்பார் என்று நினைத்தேன். அவரோ, "அவரு தண்ணிக்குள்ள போட்டுப் பாக்கட்டுங்க. அப்பறம் கூப்பிடறேன்" என்றார்.

நான்கு நாள் அவன் அதைப் போட்டுக்கொண்டு ஆழமில்லாத பக்கத்தில் கம்பியை விட்டுவிட்டுப் பிடித்தான், விட்டுவிட்டுப் பிடித்தான். வகுப்பின் கடைசி நாள் மாஸ்டர் ஆழமான பக்கத்துக்குக் கூட்டிப்போனார். குளத்தை அகலவாக்கில் தாண்ட வேண்டும். மாஸ்டர் கரையில் ஒரு மூங்கில் கழியோடு கூடவே நடப்பார், தண்ணீரில் இறங்கமாட்டார். நான் சுற்றுச்சுவரை ஒட்டி நின்றிருந்தேன். அவன் குதித்த நேரத்தில் செல் அடித்தது.

"மேடம், புகாரை மூடறதுக்குக் கூப்பிட்டேங்க. கண்ணாடி போட்டாச்சுங்களா? அவருக்குத் தெரியுதுங்களா?"

"தெரியுதுன்னு சொல்றான்."

அந்த ‘மேல’வுக்குப் பிறகு அவர் சொற்களிடம் ரொம்ப ஜாக்கிரதையாகிவிட்டார். "கண்ணு தெரியுதுன்னு போடட்டுங்களா, நீச்சல் தெரியுதுன்னு போடட்டுங்களா?"

நான் குளத்தைப் பார்த்தேன். அவன் பாதி தூரம் வந்திருந்தான். கை அடிப்பது நின்றது. தலை உள்ளே போனது. மாஸ்டர் கழியை நீட்டவில்லை. நீட்டுங்கள் என்று கத்தப் போனேன். தண்ணீருக்கு மேல் கண்ணாடியின் நீல வார் மட்டும் தெரிந்தது. பிறகு முகம். வாயைத் திறந்து காற்றை விழுங்கினான். தலையைத் திருப்பி, எதிர்ச் சுவரைப் பார்த்தான். பார்த்தான் என்பது எனக்கு அவ்வளவு தூரத்திலிருந்தே தெரிந்தது. மறுபடி கை அடித்தான்.

செல்லில் "சரிங்களா" வரவில்லை. அவர் காத்திருந்தார். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. அவருடைய அதிகாரிகளுக்குத் தெரிந்திருக்கும்.

அவன் சுவரைத் தொட்டான்.

"தாண்டிட்டான்ங்க" என்றேன். "ரெண்டும் போட்டுக்கோங்க. கண்ணும் தெரியுது, நீச்சலும் தெரியுது."

"நீச்சல் எங்க பொருள்ல வராதுங்க. கண்ணுன்னு மட்டும் போட்டுக்கறேன்." விசைப்பலகை சத்தம் வந்து நின்றது. "எவ்வளவு ஆழங்க?"

"நான் நின்னா முங்கிடுவேன்."

"எங்கூர்ல எல்லாருக்கும் கெணறுதாங்க. எங்கண்ணனுக்கு மெதக்கறதுக்கு முதுகுல சொரைக்குடுக்கை கட்டி எறக்குனாங்க. நான் மேல நின்னு பாத்துட்டே இருந்தேன். என்னை எறக்கலீங்க."

இப்போது யோசித்தால், அவர் எனக்குச் செய்ததைப்போல அந்த வாக்கியத்தை நான் ஒரு தடவை திருப்பிச் சொல்லியிருக்கலாம். அடுத்த வருடம் மகனுக்குக் கண்ணாடி சின்னதாகிவிட, அதே கம்பெனியைக் கூப்பிட்டேன். நான்காம் எண்ணில் யாரும் இல்லை. ஆங்கிலத்துக்கு ஒன்று, இந்திக்கு இரண்டு, அவ்வளவுதான். அன்று குளத்தங்கரையில் எனக்கு வாயில் வந்தது, "கத்துக்க இன்னும் வயசு இருக்குங்க" என்பதுதான். அவருக்கு என்ன வயது என்றே எனக்குத் தெரியாது.

அதற்குள் மகன் சொட்டச் சொட்ட ஓடி வந்துவிட்டான். கண்ணாடியைக் கழற்றவில்லை. "யாரும்மா போன்ல?"

"கண்ணாடி அனுப்பினவங்க."

ஈரக் கையால் செல்லைப் பிடுங்கிக் காதில் வைத்துக்கொண்டான். "ஆன்ட்டி, அந்தப் பக்கம் வரைக்கும் போயிட்டேன். எனக்கு எல்லாம் தெரிஞ்சுது."

ஸ்பீக்கரில் விரல் பட்டிருக்க வேண்டும். அவர் குரல் குளத்தங்கரை முழுக்கக் கேட்டது. "அப்படிங்களா. அந்தப் பக்கம் என்னங்க இருந்துச்சு?"

அவன் திரும்பிப் பார்த்து, நேர்மையாக யோசித்தான்.

"ஒண்ணுமில்ல ஆன்ட்டி. செவுருதான்."

அவர் சிரித்தார். அத்தனை நாளில் அவர் சிரித்து நான் கேட்டதில்லை. கொஞ்சம் கரகரப்பான, அடக்கத் தெரியாத, பெரிய சிரிப்பு. மகனும் எதற்கென்று தெரியாமல் சேர்ந்துகொண்டான். பின்னால் யாராவது வந்து நின்றுவிடப் போகிறார்கள் என்று எனக்குப் பதைத்தது. ஆனாலும் அவர் சிரித்து முடிக்கும்வரை நான் செல்லை அவன் கையிலிருந்து வாங்கவில்லை.